தொண்ணூற்றாறு நம்பர்க்காரியின் சேலை

என் உடம்பைக் கண்டு எனக்கே பயம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அதுவரைக்கும் இந்த உடம்புக்கு ஊரில் இருந்த மரியாதை எங்கள் ஊராட்சித் தலைவருக்குக்கூடக் கிடையாது.

எனக்கு நம்பர் தொண்ணூற்றாறு. கம்பம் பள்ளத்தாக்கில் நம்பர் என்றால் போன் நம்பர் என்று யாரும் நினைப்பதில்லை. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்தால் நாற்பது நொடியில் அது சொல்லிவிடும், பூச்சி மருந்து உள்ளே போனால் இந்த உடம்பு அதை எவ்வளவு வேகமாக உடைத்துப் போடும் என்று. பூஜ்யத்திலிருந்து நூறு வரைக்கும் கணக்கு. முன்பெல்லாம் ஒரே தோட்டத்தில் ஒரே மருந்தை அடித்த இரண்டு பேரில் ஒருவன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான், இன்னொருவன் வாயில் நுரை தள்ளி ஆஸ்பத்திரிக்குப் போவான். தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டோம். அந்தத் தலையெழுத்தைப் படிக்க ஒரு கருவி வந்திருக்கிறது என்றார்கள். நல்லதுதானே என்று வரிசையில் நின்று விரலை நீட்டினோம்.

அறுபதுக்கு மேல் உள்ளவர்தான் மருந்து அடிக்கலாம் என்று சட்டம் வந்தது. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான், நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன் மருந்துக்கு ஓர் எல்லை இருந்தது. இருப்பதிலேயே இளைத்தவன் பிழைத்துக் கிடக்க வேண்டும், அதுதான் எல்லை. தாங்குகிறவர்கள் மட்டும்தான் இனி அடிக்கிறார்கள் என்று ஆனதும் அந்த எல்லை எதற்கு என்று கேட்டார்கள் போலிருக்கிறது. நீல மருந்து வந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் கழுவிப் போகாது, நாற்பது நாள் இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை அடிக்கிற மூன்று நாளும் இருபதுக்குக் கீழே நம்பர் உள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடக்க வேண்டும். அவர்களுக்கு ஊர் வைத்த பேர் சொத்தை. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன் நம்பரைக் கேட்டார்கள்.

நான் ஆண்களோடு சேர்ந்து மருந்தடிக்கப் போனேன். திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டு மேலே பார்த்து அடிக்க வேண்டும். பாதி மருந்து இலைக்கு, பாதி மருந்து அடிக்கிறவர் தலைக்கு. போட்டுக்கொள்ள ஒரு கோட்டு கொடுத்தார்கள். அதைப் போட்டால் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி வேகும். அறுபத்தைந்து, எழுபது நம்பர்க்காரர்கள் வெந்துகொண்டே போட்டுக்கொண்டார்கள். நான் சேலைக்கு மேல் ஓர் ஆம்பளைச் சட்டையோடு சரி. 'விருமாயிக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும்' என்று மேஸ்திரி சொல்லும்போது எனக்குத் தலைகால் புரியாது.

புரியாததற்குக் காரணம் இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. கட்டினவர் சின்னமனூரில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு நான் போனால் தொட்டிலை உள்ளறைக்குத் தள்ளிவிட்டுத்தான் எனக்குக் காப்பி கொடுப்பார்கள். இருபது வருஷம் அந்தக் காப்பியைக் குடித்தவள் நான்.

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் சுற்றுவதில்லை. கட்டிக் கட்டி நைந்த பருத்தித் துணிதான். அதையும் நோய்நொடி இல்லாதவராகப் பார்த்துக் கேட்டு வாங்குவார்கள். அவருடைய திடம் பிள்ளைக்கும் ஒட்டும் என்பது நம்பிக்கை. ஐந்து மாதத்துக்கு முன் எதிர்வீட்டு அன்னக்கொடி நிறை வயிற்றோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, ஒங்க பழைய சேல ஒண்ணு குடுங்க. எனக்குத்தான் பதினேழு. எம்புள்ளைக்காவது ஒங்க நம்பரு ஒட்டட்டும்."

அவள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான். மூன்று வருஷம் நான் பந்தலுக்குக் கட்டிப்போன சுங்குடிச் சேலை, வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும். பன்னிரண்டு முழம். ஒரே ஆளுக்குக் கொடுக்காமல் ஆளுக்கு இரண்டு முழமாகக் கிழித்து ஆறு பேருக்குக் கொடுக்கலாம் என்று நானே திட்டம் போட்டேன். ஆறு வீட்டுத் தொட்டிலில் என் துணி கிடக்கும் அல்லவா. அவ்வளவு ஆசை எனக்கு.

அன்னக்கொடியின் பிள்ளை இருபதாம் நாள் இறந்துபோனது. பால் புரையேறிவிட்டது என்றார்கள். பதினேழு நம்பர் வயிற்றில் வேறு என்ன பிறக்கும் என்றும் சொன்னார்கள். என் துணியிலேயே சுற்றி அடக்கம் செய்தார்கள். சங்கவி, மேலத்தெருக்காரி என்று அடுத்தடுத்து நான்கு பேர் வந்து கேட்டார்கள், கொடுத்தேன். கடைசி இரண்டு முழத்தை யாழினிக்கென்று எடுத்து வைத்திருந்தேன். அவள் இறந்துபோன என் அக்காவின் மகள். பத்து வயதிலிருந்து நான் வளர்த்தவள். நம்பர் பதினொன்று. தெற்குத் தெருவில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பையில் முதலில் வைத்தது அந்தத் துணியைத்தான். பையன் பிறந்தான்.

அவனுக்குப் பதினாலாவது நாள்தான் நான் சொன்ன செவ்வாய்க்கிழமை. நர்ஸ் ஜெசிந்தா என்னைச் சுகாதார நிலையத்துக்குக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். ஜன்னல் எல்லாம் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி சொருகியிருந்தது. அவருக்கு நம்பர் பதினாலு. மருந்தடிக்கிற ஊரில் சொத்தைகள் வேலை பார்ப்பது எவ்வளவு பயமோ, அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

"அக்கா, யாழினி புள்ளையக் காலைல பாத்தேன். தூங்கிட்டே இருக்கு. கண்ணு மணி ஊசிமுனை அளவுதான் இருக்கு. வாய் ஒழுகிட்டே இருக்கு."

"பச்சப்புள்ள வாய் ஒழுகத்தான செய்யும் சிஸ்டர்."

"அன்னக்கொடி புள்ளைக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அப்ப எனக்குப் புரியல." மேசையிலிருந்து ஒரு காகிதப் பட்டையை எடுத்துக் காட்டினார். வெளிநாட்டுக்குப் போகிற பழத்தில் மருந்து இருக்கிறதா என்று பார்க்க வைக்கும் பட்டை. மருந்து இருந்தால் கறுக்கும். அது கரி மாதிரி கறுத்திருந்தது. "புள்ள சுத்தியிருந்த துணில வச்சு எடுத்தேன். ஒங்க சேலதான?"

"நான் தொவச்சுத்தான் குடுத்தேன். வெந்நீர்ல ஊறப்போட்டு ஏழு தண்ணி அலசுனேன்."

"மழைக்கே போகாத மருந்துக்கா. நூலுக்குள்ள ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. ஒடம்புச் சூடும் ஈரமும் பட்டா வெளிய வருது. பச்சப்புள்ளைக்குச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் என்ன பஞ்சம்?"

"நான் மூணு வருசம் கட்டியிருக்கேனே. ஒரு தலைவலி வந்ததில்ல."

"ஒங்களுக்குத் தொண்ணூத்தாறு. உள்ள போகப் போக ஒடஞ்சு போயிரும். மருந்து ஏறலைன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. ஏறினது ஒங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

நான் என் கையைப் பார்த்தேன். முந்தானையைப் பார்த்தேன். கையை எங்கே வைப்பது என்றே பயமாக இருந்தது.

"என்ன மாதிரி அவனுக்கும் நல்ல நம்பரா இருந்தா?"

"பொறந்த புள்ளைக்கு நம்பர் இருக்காதுக்கா. யாரு வயித்துல பொறந்தாலும் சரிதான். மருந்த ஒடைக்கிற சரக்க ஈரல் செஞ்சு சேக்கவே ரெண்டு வருசம் ஆகும். அதுவரைக்கும் எல்லாப் புள்ளையும் சொத்தைதான், என்ன மாதிரி."

"மத்த நாலு புள்ளையும் நல்லாத்தான இருக்கு?"

"அதுலயும் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் உண்டு. ஒண்ணு இழுத்துப் பிடிக்கும், ஒண்ணு விட்டுரும். அதான் நான் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. ஆறு புள்ளையும் செத்திருந்தா அன்னைக்கே துணிய எரிச்சிருப்பாங்க. அன்னக்கொடி புள்ள செத்தப்பவே மேலதிகாரிகளுக்கு ரெண்டு தடவ எழுதிப் போட்டேன். தாயோட நம்பர் கம்மின்னு குறிச்சு மூடிட்டாங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "ஊசி போட்டா எறங்கும். காலைல போட்டுத்தான் வந்திருக்கேன். ஆனா நான் வெளிய வந்ததும் மறுபடி அதே துணிலதான் சுத்துவாங்க. இப்படியே போனா ரெண்டு நாளோ மூணு நாளோ, எனக்குத் தெரியல."

அன்னக்கொடி மகனைக் கொன்றது நான்தான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தெரிந்துகொண்டேன். தெரியாமல் செய்தாய் என்று யாராவது சொல்லுவார்கள். தெரியாமல்தான் செய்தேன். ஆனால் கொடுக்கும்போது என் மனசு எவ்வளவு குளிர்ந்தது என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்.

தெற்குத் தெருவுக்கு ஓடினேன். யாழினியின் மாமியார் பஞ்சவர்ணம் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நல்லவள்தான், பேரன் மேல் உயிர். விஷயத்தைச் சொன்னேன். மருந்து, துணி, பட்டை கறுத்தது, எல்லாம் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே யாழினி உள்ளே இருந்து பிள்ளையோடு வந்தாள்.

"சின்னம்மா, இவன் அழவே மாட்டேங்குறான். நல்ல புள்ளதான?"

நீட்டினாள். சுங்குடிப் புள்ளிகளுக்கு நடுவில் வெளுத்த முகம், வாயோரத்தில் எச்சில். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் முகம் வாடிப்போனது.

"குடுத்த துணியத் திருப்பிக் கேக்குற மொத ஆளு நீதான்" என்றாள் பஞ்சவர்ணம். "மேலத்தெருப் புள்ளைக்கு ஆகல, சங்கவி புள்ளைக்கு ஆகல. அதுக பந்து கணக்கா உருளுது. எம்பேரனுக்கு மட்டும் ஆகிருமா?"

"அன்னக்கொடி புள்ளைக்கு ஆச்சே மதினி."

"அது பால் புரையேறிச் செத்தது. ஊருக்கே தெரியும். ஒனக்கு யாரு சொன்னா இதெல்லாம்? நர்சம்மாவா? பதினாலு நம்பரு அது. காத்தடிச்சாலே கதவச் சாத்துற ஆளு. அதுக்கு எதக் கண்டாலும் மருந்துதான்."

"நானும்தான சொல்றேன்."

அவள் கீரைத்தட்டைத் தள்ளி வைத்தாள். குரலில் கோபத்தைவிடப் பரிதாபம்தான் இருந்தது. "விருமாயி, வயிறெரிஞ்சு கேக்குறியோன்னு நெனைக்கக்கூட எனக்கு மனசு வரல. ஒனக்கு யாரோ வேப்பிலை அடிச்சுவிட்டிருக்காக. ஒன் நம்பரு தொண்ணூத்தாறு. அதனாலதான் அந்தத் துணிய வச்சிருக்கேன். ஒரு சொத்தையோட துணியா இருந்திருந்தா நீ வந்து சொல்லவே வேண்டாம், அன்னைக்கே அடுப்புல போட்டிருப்பேன்."

பிள்ளையைப் பிடுங்கித் துணியை உருவிக்கொண்டு ஓடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு வீட்டில் பிடுங்கலாம். மற்ற நாலு வீடு? என்னைப் பிடித்துக் கட்டிவைத்துவிட்டு, துணியை மறுபடி பிள்ளைக்கே சுற்றுவார்கள். யாழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று நம்பர்க்காரிக்கு அந்த வீட்டில் வாய் ஏது.

பாதி வழி வந்த பிறகுதான் பஞ்சவர்ணம் கடைசியாகச் சொன்னது எனக்கு உறைத்தது. வீட்டுக்குத் திரும்பாமல் நேரே சுகாதார நிலையத்துக்கே போனேன்.

"சிஸ்டர், இந்த வாரம் எனக்கு மறுசோதனை இருக்குல்ல? இப்பயே எடுங்க."

"இப்ப எதுக்குக்கா அது?"

"எனக்குக் கம்மியா வரணும். பத்து, பதினஞ்சுன்னு."

ஜெசிந்தாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "நம்பர மாத்த முடியாதுக்கா. மெசின் நேரா ஊர்ப் பட்டியலுக்கு அனுப்பிரும். எல்லார் போனுக்கும் போயிரும். நான் தொடக்கூட முடியாது."

"நம்பர மாத்த வேண்டாம். ரத்தத்த மாத்தலாம்ல."

அவர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார்.

"ஒங்க வேல போயிரும். மறுபடி மருந்தடிக்க விடமாட்டாங்க. ஊர்ல ஒருத்தரும்…" என்று இழுத்தார்.

"காப்பி குடுக்கும்போது தொட்டில உள்ள தள்ளுவாங்க. பழகினதுதான்."

"கண்டுபிடிச்சா என் வேலையும் போகும்." பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தார். "போகட்டும். இந்த ஊர விட்டுப் போனா எனக்கு ஆயுசு கூடத்தான் செய்யும்." என் கைரேகையைக் கருவியில் வைக்கச் சொன்னார். பிறகு தன் விரலில் தானே குத்திக்கொண்டார். நாற்பது நொடி. விருமாயி, பதினாலு.

"தொண்ணூத்தாறுல இருந்து இப்படி எறங்குமான்னு கேப்பாங்களே?"

"ஈரல் கெட்டா எறங்கும். கேக்கவெல்லாம் மாட்டாங்க பாருங்க. நல்ல சேதியத்தான் ஆராய்வாங்க."

அவர் சொன்னதுதான் நடந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. நான் வீடு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பதற்குள் முதல் துணி வாசலில் வந்து விழுந்தது. சங்கவி வீட்டிலிருந்து ஒரு கம்பு நுனியில் தூக்கி வந்து போட்டார்கள். அடுத்தது மேலத்தெரு. ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். மற்றவள் என் வாசல் குழாயிலேயே கையைக் கழுவிக்கொண்டு போனாள். மூன்று மாதமாகத் தங்கள் பிள்ளையோடு அணைத்துப் படுத்த துணி அது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மேஸ்திரி ஆள் அனுப்பினார்.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் பஞ்சவர்ணம் வந்தாள். விளக்குமாற்றில் சுருட்டிக் கொண்டுவந்து என் காலடியில் உதறினாள்.

"இத்தன நாளும் சொத்தத் துணியவா எம்பேரனுக்குச் சுத்தி வச்சிருந்தேன். அதுக்குத்தான் நல்லவ மாதிரி வந்து திருப்பிக் கேட்டியா? தெரிஞ்சேதான குடுத்த? வெளங்குவியா நீ?"

இன்னும் நிறையச் சொன்னாள். தெருவே வந்து நின்று கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு வசவை நான் வாங்கியதில்லை, அவ்வளவு சந்தோஷமாக எந்த வசவையும் கேட்டதும் இல்லை. அன்னக்கொடி மட்டும் எதிர்வீட்டு வாசலிலேயே நின்றாள். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எல்லாரும் போன பிறகு மருந்தடிக்கிற கோட்டையும் கையுறையையும் எடுத்து முதல் தடவையாக மாட்டிக்கொண்டேன். துண்டுகளைக் கம்பால் தள்ளித் தள்ளிச் சிமெண்டுத் தரையில் நீளமாக அடுக்கினேன். அன்னக்கொடி பிள்ளையோடு மண்ணுக்குள் போனது இரண்டு முழம். மீதி பத்து முழம் இருக்க வேண்டும். முழங்கையை வைத்து அளந்தேன். ஒன்பது. மறுபடி அளந்தேன். நாலு வீட்டுத் துண்டும் சரியாக இரண்டிரண்டு முழம் இருந்தது. யாழினி வீட்டிலிருந்து வந்ததுதான் ஒரு முழம். ஓரம் நேராகக் கிழிக்கப்பட்டிருந்தது.

பஞ்சவர்ணம் பாதியை ஒளித்து வைத்திருப்பாளோ? நம்பாமல் வைத்திருப்பாளோ? யாழினிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. என்னோடு பேசக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். மறுநாளும் எடுக்கவில்லை. நர்ஸிடம் கேட்டால் அவரையும் வீட்டுக்குள் விடவில்லையாம். தெற்குத் தெருப் பக்கம் போனவர்களிடம் ஏதாவது அழுகைச் சத்தம் கேட்டதா என்று விசாரித்தேன். எந்த அழுகையைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் யாழினியே கூப்பிட்டாள்.

"சின்னம்மா, அத்த கோயிலுக்குப் போயிருக்காக. கேளுங்க இத" என்று போனைத் தள்ளிப் பிடித்தாள். பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். ஊரைக் கூட்டுகிற அழுகை. "முந்தாநாள்ல இருந்து இதே கத்துதான். என்னத் தூங்கவிட மாட்டேங்குறான். கண்ண நல்லா முழிச்சுப் பாக்குறான். நீங்க அன்னைக்குச் சொன்னது எனக்கு இப்பத்தான் புரியுது. நம்பரையும் நீங்கதான் ஏதோ செஞ்சிருக்கீங்க, இல்ல?"

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு கேட்டேன்.

"ரெண்டு முழம் குடுத்தேன்டி. ஒரு முழந்தான் வந்துச்சு. மீதி எங்க?"

"அதுவா? வீட்ல இல்ல சின்னம்மா, பயப்படாதீக. ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா இருந்துச்சு. எனக்குப் பதினொண்ணு, அதுக்கு ஒம்பது. பொம்பளப்புள்ள பொறந்திருந்துச்சு, தன் நம்பரு அதுக்கும் வந்துருமோன்னு அழுதுக்கிட்டே கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு. எங்க சின்னம்மா சேல, தொண்ணூத்தாறுன்னு சொல்லி பாதியக் கிழிச்சுக் குடுத்தேன். என் கால்ல விழ வந்துருச்சு."

"பேரு என்ன? எந்த ஊரு?"

"கேட்டுக்கலையே சின்னம்மா."

போனில் அவள் மகன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். பதினாலு என்பது எங்கள் ஊர்ப் பட்டியலில் மட்டும்தான். அந்தப் பெண் இருக்கிற ஊரில் நான் இன்னும் தொண்ணூற்றாறு.